இரண்டாம் கட்டுக்கு எட்டாத சிக்னல்

காரைக்குடியில் கணினி பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறேன். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவை வைஃபை பற்றியவை. ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகளில் திருமணம், முன்னோருக்குப் படையலிடும் படைப்பு என்று ஆட்கள் கூடும்போதுதான் இணையம் தேவைப்படும். அப்போதுதான் அது கிடைக்கவில்லை என்பதும் தெரியவரும். ஆனால் இங்கே நான் சொல்லப்போகும் வீட்டில் ஆச்சி ஒருவர் ஆண்டு முழுவதும் குடியிருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் நாள்தோறும் மாலையில் வீடியோவில் பேசுவது அவருடைய வழக்கம். அந்தப் பேச்சு பாதியில் உறைந்து நின்றுவிடுகிறது என்பதுதான் புகார்.

முதல் முறை போனபோது நான் எதையும் அளக்கவில்லை. ரவுட்டர் வீட்டின் முன்பகுதியான முகப்பில் இருந்தது; ஆச்சியின் அறை பின்னால் இரண்டாம் கட்டில் இருந்தது; இடையில் நீளமான வளவு, அதாவது அறைகள் சூழ்ந்த முற்றப்பகுதி. தூரம்தான் காரணம் என்று முடிவுகட்டி, சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றைக் கொண்டுபோய் இரண்டாம் கட்டின் நிலைவாசல் அருகே சொருகிவிட்டு, ஆச்சியின் டேப்லெட்டில் சிக்னல் கோடுகள் நிறைந்து நிற்பதைக் காட்டிப் பணமும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. "கோடெல்லாம் நிறைய நிக்குது தம்பி, பிள்ளை மூஞ்சியும் அப்படியே நின்னு போகுது" என்றார். பல ஆண்டுகளாகத் தொழில் செய்பவனுக்கு இதைவிடத் துல்லியமாக யாரும் தவற்றைச் சொல்லிக்காட்ட முடியாது. டேப்லெட்டில் தெரியும் கோடுகள் டேப்லெட்டுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலான நிலவரத்தை மட்டுமே காட்டுகின்றன. ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. சிக்னல் ஏற்கெனவே செத்துப்போன இடத்தில் ரிப்பீட்டரை வைத்தால், அது செத்த சிக்னலைத்தான் உரத்த குரலில் திருப்பிச் சொல்லும். போதாக்குறைக்கு ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் அனுப்புவதால் வேகமும் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ரிப்பீட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாம் முறை போகும்போது ஒரு நாள் முழுவதையும் அதற்கென்றே ஒதுக்கிக்கொண்டேன்.

அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிவது. முகப்பில் நின்று பார்த்தால் நிலைவாசல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வரிசையாகத் தெரிந்து, கடைசியில் பின்வாசலின் வெளிச்சம் சிறு சதுரமாகத் தெரியும். சுண்ணாம்புக் காரையிட்ட சுவர்கள் இரண்டடி கனம் இருக்கும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்காளிக்கு உரியவை என்பதால், அவற்றில் பல பூட்டியே இருந்தன. முற்றத்தின் மேல் குரங்குக்கும் திருட்டுக்கும் பயந்து இரும்புக் கம்பி அடித்திருந்தார்கள்.

கையில் கொண்டுபோனவை எல்லாம் செலவில்லாத மென்பொருள்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அனலைசர் என்ற திறந்தமூலச் செயலி, விண்டோஸ் மடிக்கணினியில் அதனுடனேயே வரும் நெட்ஷெல் கருவி, பென் டிரைவிலிருந்து இயக்கும் லினக்ஸ் ஒன்று, ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அளக்கும் பிங் கட்டளை. இவை போதும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வகைச் செயலிகள் கிடைப்பதில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி செயலியில் வைஃபை ஸ்கேனரை அமைப்புகளுக்குள் சென்று இயக்கினால் ஓரளவு பார்க்கலாம்.

செயலியைத் திறந்ததும் அது இருப்பிட அனுமதியைக் கேட்டது. விடுமுறைக்கு வந்திருந்த பேரன் ஒருவன், கல்லூரி மாணவன், "வைஃபை பார்க்க எதுக்கு அங்கிள் லொகேஷன்?" என்று சந்தேகத்தோடு கேட்டான். சரியான கேள்விதான். சுற்றியுள்ள வைஃபை பெயர்களையும் அவற்றின் முகவரிகளையும் வைத்தே ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட முடியும் என்பதால், ஆண்ட்ராய்டு 6 முதல் ஸ்கேன் செய்வதற்கு இருப்பிட அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. அனுமதி கொடுக்காவிட்டால் செயலி பெயர் எதுவும் இல்லாத காலிப் பட்டியலைக் காட்டும்; பலர் அதைச் செயலியின் கோளாறு என்று நினைத்து நீக்கிவிடுகிறார்கள்.

இன்னொரு பொறியும் உண்டு, அதில் நானே விழுந்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு 9 முதல், திரையில் திறந்திருக்கும் செயலிகூட இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைதான் ஸ்கேன் செய்ய முடியும். இது தெரியாமல் முன்பு ஒரு வீட்டில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டே விறுவிறுவென்று நடந்து, அடுப்படியிலும் முகப்பளவு சிக்னல் இருப்பதாகக் குறித்துக்கொண்டேன். உண்மையில் திரையில் இருந்தது முகப்பில் நின்றபோது எடுத்த பழைய அளவு. ஆண்ட்ராய்டு 10 முதல் டெவலப்பர் அமைப்புகளில் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கிக்கொள்ளலாம். நீக்கினாலும், ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடமாவது அசையாமல் நின்ற பிறகே எண்ணைக் குறிப்பது என்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

எண்களைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சிக்னலின் வலிமை டிபிஎம் என்ற அலகில், எப்போதும் கழித்தல் குறியுடன் வரும். ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்றால் −30 போல இருக்கும். வீடியோ பேச்சு தடையின்றி நடக்க −67க்குக் குறையாமல் இருப்பது நல்லது. −80க்கும் கீழே போனால் இணைப்பு பெயருக்குத்தான். இந்த அளவு மடக்கை முறையில் அமைந்தது. 3 குறைந்தால் வலிமை பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. விண்டோஸின் நெட்ஷெல் கருவி இதையே சதவீதமாகக் காட்டுகிறது. அதைப் பாதியாக்கி 100ஐக் கழித்தால் டிபிஎம் கிடைத்துவிடும். 44 சதவீதம் என்றால் −78. "44 இருக்கே, பரவாயில்லையே" என்று தேர்வு மதிப்பெண் போல நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். ஒரே இடத்தில் இரண்டு கைப்பேசிகள் 6 டிபி (டிபிஎம் எண்களின் வித்தியாசத்தை இப்படிச் சொல்வார்கள்) வித்தியாசம் காட்டியதை அந்த வீட்டிலேயே பார்த்தேன். ஆகவே ஒரு வீட்டை அளக்கத் தொடங்கிய கருவியாலேயே முடிக்க வேண்டும். நடுவில் கை மாற்றினால் கணக்குக் குழம்பிவிடும்.

முகப்பில் −42. வளவின் நடுவில், நிலைவாசல்களின் நேர்கோட்டில் நின்றபோது −63. அதே வளவில் இரண்டு எட்டு விலகி ஓர் அறைக்குள் நுழைந்ததும் −78. முகப்பில் இருந்த வலிமையில் அது ஏறத்தாழ 4,000இல் ஒரு பங்கு. இரண்டாம் கட்டில் நேர்கோட்டில் −74. ஆச்சியின் அறையில் −88, அதுவும் விட்டுவிட்டு. நான் ரிப்பீட்டரைச் சொருகியிருந்த இடத்தில் அளந்தபோது, அந்தப் பிளக் இருந்த மூலையில் −82 என்று வந்தது. எனக்கு அதைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. இந்த எண்களெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரியவை. ரவுட்டரின் இன்னோர் அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலோ வளவின் அறைகளுக்குள்ளேயே வரவில்லை. அதன் அலைநீளம் 2.4 கிகாஹெர்ட்ஸின் 12.5 சென்டிமீட்டரில் பாதிதான், கனத்த சுவர்களில் அது விரைவாகவே தேய்ந்துவிடும்.

சிக்னல் சுவரைத் துளைத்துக்கொண்டு வரவில்லை, வாசல் வழியாக நடந்துதான் வருகிறது என்பது அந்த எண்களிலிருந்து விளங்கியது. உறுதிப்படுத்திக்கொள்ள, பேரனை வளவின் பெரிய தேக்குக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு மறுபுறம் நின்று பார்த்தேன். 5 டிபி இறங்கியது. திறந்ததும் ஏறியது. செட்டிநாட்டு வீட்டில் அளக்கும்போது, எந்தக் கதவு திறந்திருந்தது என்பதையும் எண்ணோடு சேர்த்து எழுத வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

முகப்பிலேயே இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. ரவுட்டர் பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று, சுவரில் சாய்ந்து தொங்கும் பழைய பெல்ஜியம் கண்ணாடிக்குப் பின்னால் அதை மறைத்து வைத்திருந்தார்கள். கண்ணாடியின் பின்புறம் பூசியிருப்பது உலோகம். முகம் பார்க்க உதவும் அந்தப் பூச்சு ரேடியோ அலையையும் திருப்பி அனுப்பிவிடும். ரவுட்டரை ஒன்றரை அடி நகர்த்தி, நிலைவாசலைப் பார்க்கும்படி மாடத்தில் வைத்ததும் வளவின் நடுவில் 9 டிபி கூடியது. ஒரு காசு செலவில்லை. இரும்புப் பெட்டகத்தின் மேல், பீரோவுக்குள், தகரத் தடுப்புக்குப் பின்னால் என்று ரவுட்டரை வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் நான் முதலில் செய்வது இப்போது இதுதான்.

அடுத்து, அக்கம்பக்கத்தில் என்னென்ன வைஃபை இருக்கின்றன என்று பார்த்தேன். ஒன்பது பெயர்கள் தெரிந்தன, அவற்றில் நான்கு அந்த வீட்டிலேயே உள்ளவை. பங்காளிகள் ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்குத் தனித்தனி இணைப்பு வாங்கியிருந்தார்கள். வைஃபை அலைவரிசையை எண்ணிட்ட துண்டுகளாகப் பிரித்திருப்பதைத்தான் சேனல் என்கிறோம். மூன்று ரவுட்டர்கள் 6ஆம் சேனலில் இருந்தன, ஒன்று 8இல் இருந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. அவற்றின் மையங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்க, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்வதால், ஒன்றையொன்று தொடாமல் இருக்க வழக்கமாகத் தேர்ந்தெடுப்பவை 1, 6, 11. சில செயலிகள் 3ஆம் சேனலும் 4ஆம் சேனலும் காலியாக இருப்பதாக நட்சத்திரக் குறி போட்டுப் பரிந்துரைக்கும். அதை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே சேனலில் இருக்கும் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றது புரிந்துகொண்டு முறைபோட்டுப் பேசும். அரைகுறையாக ஒன்றன் மேல் ஒன்று ஏறும் சேனல்களில் இருப்பவற்றுக்கு மற்றதன் பேச்சு வெறும் இரைச்சல்.

2.4 கிகாஹெர்ட்ஸை உரிமமின்றிப் பயன்படுத்த இந்தியாவில் 2005இல் விதி செய்தபோதே, யாரும் பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது, பிறர் இடையூற்றிலிருந்து பாதுகாப்பும் கோர முடியாது, எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற அடிப்படையில்தான் செய்தார்கள். பொது வளவைப் போலத்தான் இதுவும். நமக்கு மட்டும் என்று கோடு கிழிக்க முடியாது. ஆகவே அன்று வீட்டில் இருந்த ஒரு பங்காளியிடம் நேரிலும், மற்றவர்களிடம் தொலைபேசியிலும் பேசி, ஒப்புதல் வாங்கிக்கொண்ட பிறகே அவர்களுடைய ரவுட்டர்களை 1க்கும் 11க்கும் பிரித்து மாற்றினேன். ஒருவருடையது 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடிக்கொண்டிருந்ததை 20ஆகக் குறைத்தேன். பேரன் இதற்கிடையில், இதே மென்பொருளைக் கொண்டு பக்கத்து வீட்டுக் கடவுச்சொல்லை எடுக்க முடியுமா என்று கேட்டான். காற்றில் வரும் பெயரையும் சேனலையும் பார்ப்பது வேறு, அனுமதியின்றி இன்னொருவர் வலையமைப்புக்குள் நுழைவது வேறு. பின்னது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளின்கீழ் வரும் என்று சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டான்.

இரண்டாம் கட்டுக்கு ரிப்பீட்டர் வேண்டாம், கம்பி இழுப்பதுதான் சரி என்று முடிவாயிற்று. ஆனால் சுவரில் துளை போடுவதற்கு ஆச்சி ஒப்பவில்லை. பங்காளிகள் அத்தனை பேரும் கூடிச் சம்மதித்தால்தான் ஆணி அடிக்கவே முடியும் என்றார். வளவின் தூண்களுக்கு மேலே, முதன்முதலில் வீட்டுக்கு மின்சாரம் வந்த காலத்தில் அடித்த மரப்பட்டி ஓடிக்கொண்டிருந்தது. மின்கம்பிகளைப் பின்னர் வேறு வழியில் கொண்டுபோய்விட்டதால் அது வெறுமையாகக் கிடந்தது. அதற்குள்ளேயே வலையமைப்புக் கம்பியான கேட்6 கேபிளை இழுத்து, உயரத்தில் இருந்த காற்றுப்போக்கி வழியாக இரண்டாம் கட்டுக்குள் இறக்கினேன். மொத்தம் 45 மீட்டர் ஆயிற்று. இந்தக் கேபிளுக்கு 100 மீட்டர் வரை வரம்பு உண்டு. அதன் முனையில், கம்பியில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றை மாட்டி, அப்போது காலியாகிவிட்ட 6ஆம் சேனலில் வைத்தேன். ஆச்சியின் அறையில் −58 வந்தது. மனநிறைவோடு ஊர் திரும்பினேன்.

மறுநாள் மாலை ஏழு மணிக்கு மீண்டும் தொலைபேசி. பகலெல்லாம் நன்றாக இருந்ததாம். மாலையில் பேரப்பிள்ளை வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டானாம்.

மாலையில் எல்லோரும் இணையத்தைப் பயன்படுத்துவதால் இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் பக்கம் நெரிசல் என்று நினைத்து, அவர்களுக்குத் தொலைபேசியில் காட்டமாகவே பேசிவிட்டேன். அதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை ஒரு நிமிட வேலை. இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒன்றில் வீட்டு ரவுட்டருக்கும், மற்றொன்றில் வெளியே ஏதேனும் ஒரு முகவரிக்கும் தொடர்ந்து பிங் ஓட விட வேண்டும். ரவுட்டருக்கான பதில் சீராக வந்து, வெளியிலிருந்து வரும் பதில் மட்டும் தடுமாறினால் குற்றம் வெளியே. ரவுட்டருக்கான பதிலே தடுமாறினால் குற்றம் வீட்டுக்குள். மறுநாள் மாலை ஆச்சியின் அறையில் உட்கார்ந்து இதைச் செய்தேன். ஆறரை மணி வரை ரவுட்டரிலிருந்து 2, 3 மில்லிசெகண்டில் பதில் வந்துகொண்டிருந்தது. பிறகு 180, 340, பதிலில்லை, 290, பதிலில்லை. சிக்னல் மட்டும் அதே −58இல் ஆடாமல் நின்றது. நிறுவனத்தாரிடம் மறுபடி பேசி வருத்தம் தெரிவித்தேன்.

வீட்டு மடிக்கணினியில் நெட்ஷெல் மூலம் வ்லான் ரிப்போர்ட் என்ற வைஃபை இணைப்பு அறிக்கையை எடுத்துப் பார்த்ததில், கடந்த மூன்று நாட்களின் இணைப்புத் துண்டிப்புகள் அனைத்தும் ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் இடையே குவிந்திருந்தன. அந்த அறிக்கையை எடுக்க அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு கட்டளையிட வேண்டும். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் கைப்பேசிச் செயலியில் 6ஆம் சேனல் வெறிச்சோடிக் கிடந்தது.

இங்கேதான் இந்தக் கருவிகளின் எல்லை எங்கே என்பது எனக்குப் புரிந்தது. வைஃபை அனலைசர் காற்றில் உள்ள ரேடியோ அலைகளையெல்லாம் அளப்பதில்லை. ஒவ்வொரு ரவுட்டரும் நொடிக்குப் பத்து முறை போல "நான் இங்கே இருக்கிறேன்" என்று அனுப்பும் பீக்கன் என்ற அறிவிப்பை மட்டுமே அது படிக்கிறது. வைஃபை மொழி பேசாத எந்தக் கருவியும் அதன் கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் போட்டாலும், செயலியின் படத்தில் அது ஒரு கோடாகக்கூட வராது.

லினக்ஸில் ஐடபிள்யூ என்ற கட்டளைக் கருவி இருக்கிறது. அதில் சர்வே விவரத்தைக் கேட்டால், அந்தச் சேனலைக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் எவ்வளவு, அதில் காற்று பரபரப்பாக இருந்த நேரம் எவ்வளவு, வைஃபையாகப் புரிந்துகொண்டு வாங்கிய நேரம் எவ்வளவு என்று மில்லிசெகண்டில் சொல்லும். எல்லா வைஃபை சில்லுகளும் இந்த எண்களைத் தருவதில்லை. என்னிடம் இருந்த பழைய அதெராஸ் வைஃபை அட்டை தந்தது. எண்கள் கூடிக்கொண்டே போவதால், ஒரு நிமிட இடைவெளியில் இரு முறை எடுத்துக் கழித்துப் பார்க்க வேண்டும். மாலையில் 60,000க்கு 52,000 மில்லிசெகண்ட் காற்று பரபரப்பாக இருந்தது. அதில் வைஃபையாக வாங்கியது வெறும் 9,000. மீதி நேரம் யாரோ வேறு மொழியில் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறார்கள். வைஃபை கருவி பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். காற்றில் சத்தம் இருந்தால் காத்திருக்கும். ஆச்சியின் டேப்லெட் அப்படித்தான் காத்துக்கொண்டே நின்றது. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்த பழைய டேப்லெட் என்பதால், 5க்கு மாற்றித் தப்பவும் வழியில்லை.

அதற்குமேல் மென்பொருளால் ஆவதற்கு எதுவும் இல்லை. பிங்கை ஓடவிட்டு, பேரனை மின்பலகை முன் நிறுத்தி, ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பத்து நொடி பொறுக்கச் சொன்னேன். மின்விசிறி, மோட்டார், வளவு விளக்கு எதற்கும் மாற்றமில்லை. பின்வாசல் விளக்கை அணைத்த மறுநொடி திரையில் 2, 2, 3 என்று வரிசையாக இறங்கியது. போட்டதும் மறுபடி 300.

டார்ச் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனோம். விளக்குக்குப் பக்கத்திலேயே, அதே சுவிட்சிலிருந்து இழுத்த அடாப்டரில், ஒட்டடை படிந்த கம்பியில்லாக் கேமரா ஒன்று இருந்தது. சென்னையில் இருக்கும் பங்காளி ஒருவர் எப்போதோ வாங்கி மாட்டிய அனலாக் வகை. படத்தை 2.4 கிகாஹெர்ட்ஸில் இடைவிடாமல் பரப்பிக்கொண்டே இருக்கும். இடம்விட்டுப் பேசும் பழக்கம் அதற்குக் கிடையாது. அடியில் நான்கு நிலைகள் கொண்ட சிறு நகர்த்தும் சுவிட்ச், இரண்டாவதில் நின்றது. பக்கத்தில் 2432 என்று அச்சிட்டிருந்தது. 6ஆம் சேனலின் மையம் 2437 மெகாஹெர்ட்ஸ். வைஃபை சேனல் ஒன்றின் அகலத்துக்கு ஏறக்குறைய இடம் பிடிக்கும் அந்த ஒளிபரப்பின்மேல்தான், காலியாக இருக்கிறதே என்று நான் ஆச்சியின் இணைப்பைக் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தேன். "அது இன்னும் ஓடுதா?" என்று ஆச்சி கேட்டார். அதன் படத்தை யாரும் பார்த்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

கழற்றிவிடலாமா என்று தொலைபேசியில் கேட்டதற்கு, வீட்டுக்குக் காவல், இருக்கட்டும் என்று உரியவர் சொல்லிவிட்டார். கேமராவை வேறு நிலைக்கு நகர்த்தினால் 1ஐயோ 11ஐயோ கெடுக்கும் என்பதால் அதைத் தொடாமல், ஆக்சஸ் பாயிண்டை 11க்கு மாற்றினேன். அங்கே இன்னொரு பங்காளியின் ரவுட்டரும் இருக்கிறது. ஆனால் அது வீட்டின் மறுகோடியில் −81இல்தான் கேட்கிறது, முறைபோட்டுப் பேசவும் தெரிந்தது. விளக்கும் கேமராவும் எரிய, அன்று இரவு எட்டரை வரை ஆச்சி பேசி முடிக்கும்வரை பிங் 4ஐத் தாண்டவில்லை. கேமராவை மாற்றுவது பற்றி அடுத்த படைப்புக்குக் கூடும்போது பேசிக்கொள்வார்களாம். அதுவரை எந்த ரவுட்டரையும் 6ஆம் சேனலுக்கு மாற்ற வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி, காரணத்தையும் தேதியையும் குறித்து, மின்பலகைக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.